தெஹிவளைக்கு முதல் ஆனையிறவு

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் தரம் 7. வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டான், மிருகங்கள் என்றால் உயிர். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குச் சுற்றுலா போகக் காசு கேட்கிறார்கள். கட்டினால் வரலாற்றுக்கு உதவுமா?"

இப்போதைக்குக் கட்டவேண்டாம் தங்கச்சி. இந்தச் சுற்றுலாக்களைக் கன வருடமாகப் பார்க்கிறேன். விடியச் சாமத்தில் பஸ் ஏறிய பிள்ளை, கூண்டுக்கு முன்னால் நிற்பதை விட புரோக்கர் கொமிஷன் வாங்கும் சாப்பாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும்தான் கூட நேரம் நிற்கிறது. உள்ளே எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். மழுப்பினால் விடுங்கள்.

உங்களுக்கு வரலாறு வயலுக்கே வருகிறதே. முத்தையன்கட்டுப் பக்கம் ஈரச் சேற்றில் யானையின் முன்கால் அடி கிடந்தால், நல்ல பகலில், பெரியவர்கள் துணையோடு, மகனிடம் கயிறு கொடுத்து அதைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு மடங்குதான் ஏறக்குறைய யானையின் தோள் உயரம். ஒல்லாந்தர் காலத்தில் உயரம் பார்த்துத்தான் விலை. வன்னிப் பகுதியை ஆண்ட தலைவர்களான வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள், குடாநாட்டுக்கு வாசலான ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போய்க் கப்பலேறின. இதையெல்லாம் எந்தப் பரீட்சைத்தாள் கேட்கிறது? அரசர் பட்டியலும் ஆண்டும் போதுமாம்.

அப்புறம் ஆங்கிலேயர். யானையைச் சுட்டால் பரிசு. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுத்ததாக அக்காலத்துப் பிரித்தானிய அதிகாரி டெனன்ட் எழுதியிருக்கிறார். அவர்கள் ஆட்சியிலேயே 1937இல் விலங்குகளைக் காக்கச் சட்டம் வந்தது, 1938இல் ஆனையிறவுப் பக்கத்துச் சுண்டிக்குளம் சரணாலயமானது. சுடச் சொன்னவர்கள் ஏன் காக்கச் சொன்னார்கள் என்று மகனையே யோசிக்க விடுங்கள். தெஹிவளையும் ஜோன் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி தொடங்கிய இடம்தான், 1936இல் அரசாங்கம் எடுத்தது. இவ்வளவும் தெரிந்த பிள்ளைக்குத்தான் கூண்டு பேசும்.

ஒரு விதிவிலக்கு. வேறு அலுவலாகக் கொழும்பு போகிறீர்கள் என்றால் கூட்டிப் போங்கள். கலியாணவீடு என்றால் மறுநாள், அன்றைக்கே பட்டு வேட்டியோடு இழுக்கவேண்டாம். கிளினிக் என்றால் மருந்து எடுத்து முடித்த பிறகு, அதுவும் நோயாளியை வெயிலில் நிற்கவைக்காமல், இன்னொருவர் துணைக்கு இருந்தால் மட்டும். பாஸ்போர்ட் அலுவல் என்றால் அன்றைக்கு நினைக்கவே வேண்டாம், வரிசை விடாது. போனாலும் எல்லாவற்றையும் ஓடிப் பார்க்காமல் ஒரே கூண்டில் நின்று, இது எங்கே பிடிபட்டது, யார் விற்றார் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

போகிற வழியில் யானைக்குட்டியோடு போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.