சொத்தை நகம்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கால் நகச் சொத்தையைப் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, எதை எதைத் தடவிப் பார்த்தோம் என்பதை விரிவாகச் சொல்கின்றன. நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்தார்களா என்பதை மட்டும் ஏறக்குறைய ஒருவரும் எழுதவில்லை.

கேள்வி: இரண்டு கால் பெருவிரல் நகங்களும் மஞ்சளாகித் தடித்துவிட்டன. என்ன மாத்திரை சாப்பிடலாம்? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் வயது, சர்க்கரை நோய் உண்டா, கல்லீரல் எப்படி, வேறு என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என எதையும் எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? நிறம் மாறித் தடித்த நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. மற்றவை சோரியாசிஸ் என்ற தோல் நோய், இறுக்கமான ஷூ, பழைய அடி, முதுமை ஆகியவற்றால் வருபவை. அவற்றுக்குப் பூஞ்சை மாத்திரையை மூன்று மாதம் விழுங்கினாலும் பயன் இராது. முதலில் பரிசோதனை. நகத்தின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, கெட்ட பகுதி நல்ல நகத்தைத் தொடும் இடம் வரை உள்ளே சென்று, அடியில் உதிரும் பொடியைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நுனியிலிருந்து மட்டும் கிள்ளி எடுத்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அப்படி வந்து, சந்தேகமும் நீங்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வினிகர், பூண்டு, மஞ்சள், வேப்பெண்ணெய் ஆகியவற்றில் எது சிறந்தது?

பதில்: நகத்துக்கு எதுவுமே போதாது. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து காலை ஊறவைப்பதால், புண் இல்லாத பாதத்துக்குப் பெரிய கேடில்லை. ஆனால் பூஞ்சை இருப்பது நகத் தட்டுக்கு அடியில். அது வரை இவை போதிய அளவு இறங்குவதில்லை. பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். மஞ்சளும் மருதாணியும் நகத்துக்குச் சாயம் ஏற்றி, பார்க்கும் மருத்துவரைக் குழப்பும். சோதனைக்கு வருவதானால் அவற்றைப் பூசாமல் வாருங்கள்.

கேள்வி: விக்ஸ் தடவினால் சரியாகும் என்று உறவினர் அனைவரும் சொல்கிறார்கள். டீ ட்ரீ எண்ணெயும் நல்லது என்கிறார்களே?

பதில்: விக்ஸை வைத்து 2011இல் அமெரிக்காவில் 18 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் தடவி, 48 வாரங்கள் கழித்துப் பார்த்ததில் ஐந்து பேருக்கு முழுதும் குணமாகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத, மிகச் சிறிய ஆய்வு அது. டீ ட்ரீ எண்ணெய் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை வெளிப்பூச்சு மருந்துக்கு இணையாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் நகத்தில் குளோட்ரிமசோலே பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை என்பதால், அந்த இணைக்குப் பெருமை இல்லை. ஒன்றிரண்டு நகங்களின் நுனி மட்டும் கெட்டிருந்து, வெளிப்பூச்சுதான் வேண்டும் என்றால், வாரம் ஒருமுறை பூசும் அமோரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சைக் கேளுங்கள். ஏறத்தாழ ஓராண்டு விடாமல் பூச வேண்டும்.

கேள்வி: டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டு முடித்துவிட்டேன். நகம் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் நானே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளர்கிறது. பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். மருந்தை நிறுத்திய பிறகும் அது நகத்தில் சில மாதங்கள் தங்கி வேலை செய்யும். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லையில் நக அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். இரண்டு மாதத்தில் கோடு முன்னே நகர்ந்து, அதற்குப் பின்னால் நகம் தெளிவாக இருந்தால் மருந்து வென்றுவிட்டது. கெட்ட பகுதி கோட்டைத் தாண்டிப் பின்னே பரவினால் மருத்துவரிடம் போங்கள். முன்பு சுரண்டிப் பார்க்காமல் மாத்திரை தந்திருந்தால், இப்போதாவது பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, நீட்டிக்கவும் கூடாது.

கேள்வி: தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் தந்த க்ரீமைப் போட்டால் மூன்று நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. இப்போது கால் நகமும் சொத்தையாகிவிட்டது. அதே க்ரீமை நகத்துக்கும் போடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அந்தக் க்ரீமை இடுக்குக்கே போட்டிருக்கக் கூடாது. ட்யூபின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று அநேகமாக அங்கே இருக்கும். அவை ஸ்டீராய்டுகள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் அடைத்து, பார்க்காமலேயே எல்லா அரிப்புக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018இலேயே விதியைத் திருத்தியாகிவிட்டது. கடைகளில் இன்றும் மிட்டாய் வாங்குவதைப் போல வாங்க முடிகிறது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத் தூங்கவைப்பதால் அரிப்பு அடங்குகிறது, பூஞ்சை அடங்குவதில்லை. எதிர்ப்பாரின்றி அது பரவுகிறது. வட்டம் வட்டமாக இருந்த அடையாளமும் கலைந்து, என்ன நோய் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. தொடையின் உட்புறத்தில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு மறைவதே இல்லை. திருமணம் நிச்சயமான இளைஞர்கள் அந்தக் கோடுகளைக் காட்டி, இவை போக வழி உண்டா என்று கேட்கும்போது சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை. இந்தக் களிம்புகள் தாராளமாகப் புழங்கும் நம் நாட்டில்தான், டெர்பினாஃபினுக்கு எளிதில் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை பெருகி, 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நாட்டின் பெயரையே தாங்கி உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடுக்கில் திரும்பத் திரும்ப வருவதற்கு நகமே கிடங்காக இருக்கக்கூடும். உள்ளாடை பாதத்தைத் தொட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை என்று அணியுங்கள். க்ரீமை நிறுத்துங்கள்; நிறுத்தியதும் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து மறுபடி அதைத் தொடாதீர்கள். நகம், இடுக்கு இரண்டிலும் சுரண்டிப் பார்த்த பிறகு இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. தடித்த நகத்தைப் பிளேடால் சீவிவிடுகிறேன். சரியா?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த காலில் பட்ட வெட்டு அவருக்குத் தெரியாது; அது புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். நகத்தை மென்மையாக்க 40 சதவீத யூரியா களிம்பு இருக்கிறது. அதையும் மருத்துவர் பாதத்தைப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். இதய பலவீனம் உள்ளவரானால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயரையும் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே நகத்தில் நெடுக்காகக் கறுப்புக் கோடு. இதுவும் பூஞ்சையா?

பதில்: இருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கோடு அகலமானாலோ, கறுப்பு நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ வீட்டில் எதையும் தடவிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் அனைவருக்கும் ஒரே நகவெட்டிதான். பரவுமா?

பதில்: பரவும். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். சொத்தை உள்ளவர் நல்ல நகங்களை முதலிலும் சொத்தை நகத்தைக் கடைசியிலும் வெட்டட்டும்.