சர விளக்கை உள்ளே விட்டுப் பார்த்த பெண்

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மகள் படிவம் ஐந்து, பள்ளி பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறாள். கூடவே கிள்ளானிலிருந்து பெரியப்பாவும் வந்திருந்தார். உண்மையில் பேசியதெல்லாம் அவர்தான். அவர் மகன் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறானாம். "புள்ள நல்லா படிக்கும் சார். அந்த ஊதுறத மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க, டாக்டராயிரும்" என்றார்.

அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. எஸ்பிஎம் (படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். அப்போதுதான் அப்பா மெதுவாக வாயைத் திறந்தார். "இபிஎஃப்ல கொஞ்சம் எடுத்துட்டு, வீட்டையும் வெச்சிரலாம்னு இருக்கேன் சார்." அதற்கு மேல் எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணே, வீட்டை அடகு வைக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய்விடுகிறது. பிள்ளை படிப்புக்கு எடுப்பது 15 விழுக்காடு சேரும் செஜாத்தெரா கணக்கிலிருந்து. லோரி ஓட்டுநரின் அந்தப் பங்கு எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தனியார் மருத்துவக் கல்லூரியில் மொத்தச் செலவு 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். அடித்தளப் படிப்பு, அப்புறம் 5 வருடம், அப்புறம் ஹவுஸ்மேன் என்ற பயிற்சி டாக்டராக 2 வருடம். முடித்ததும் நிரந்தர அரசாங்க வேலை என்ற காலமும் போயிற்று. 2016 டிசம்பரில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்று போராடியதை நாடே பார்த்தது. வெளிநாடு என்றால், அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பது தனிக் கவலை. பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். உங்களுக்கு ஆகாது. இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

பிள்ளையிடம் கேட்டேன்: "உயிரியல் பிடிக்குமா?" "மனப்பாடம் பண்ணிருவேன் சார்." சாக்ஸைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு பாட்டின் பெயர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். சொன்னதெல்லாம் கருவியின் வயிற்றுக்குள் நடப்பது.

நடந்தது இது. அவளுக்குக் கீழ் ஸ்வரங்கள் வரவில்லை. மூச்சு போதவில்லை என்று பேண்டில் திட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் ஸ்டோர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தீபாவளி சர விளக்கைச் சாக்ஸின் உள்ளே விட்டு, கீகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்திருக்கிறாள். மேலே ஒரு பேடின் (துளையை மூடும் மெத்தையின்) ஓரத்தில் நூல் போல வெளிச்சம். காற்று அங்கே கசிகிறது. மூச்சில் ஒரு குறையும் இல்லை.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உலகம் முழுக்கச் சாக்ஸ் பழுது பார்ப்பவர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், இருட்டறையில், குழலுக்குள் விளக்கை விட்டு. சாக்ஸ் பித்தளையில் செய்ததுதான். ஆனால் ஒற்றை நாணல் ரீட் அதிர்ந்து ஒலிப்பதால் அது கிளாரினெட் சாதி. உடம்பெல்லாம் துளை, ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி. ஆல்ட்டோவில் அப்படி ஏறக்குறைய 25 மூடிகள் இருக்கும். ஆகக் கீழான ஸ்வரத்துக்கு மேலிருந்து கீழ்வரை எல்லாமே இறுக மூடியிருக்க வேண்டும். மேலே ஒன்று கசிந்தால் கீழே எதுவும் பேசாது. பாவம், எத்தனை பிள்ளைகள் பேடின் பழியைத் தங்கள் நுரையீரலில் சுமந்துகொண்டு பேண்டை விட்டு ஓடியிருப்பார்களோ.

நான் சொல்ல வந்த தொழில் இதுதான்: காற்றுக் கருவிகளைப் பழுது பார்ப்பது. மெட்ரிகுலேஷன், படிவம் ஆறு, பொலிடெக்னிக் எல்லாம் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள், நான் திரும்ப எழுதவில்லை.

மூடிக்குள் இருக்கும் பேட் என்பது அட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் மெல்லிய தோல். அதை உட்காரவைக்க அரக்கு. ஆமாம், நம் நகை ஆசாரிகள் பயன்படுத்தும் அதே அரக்கு. சூடு காட்டி இளக்கி, பேடைத் துளையின் விளிம்புக்குச் சமமாக உட்காரவைத்து, ஆறவிட வேண்டும். அப்புறம் சிகரெட் தாளில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி, மூடியின் கீழே வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடித்தால் சரி. ஒரு பக்கம் வழுக்கினால் மறுபடியும் சூடு. அப்புறம் ஊசி போன்ற நீல எஃகு ஸ்பிரிங்குகள். நம் ஊர் ஈரத்தில் துருவேறி ஒடியும். அதைக் கொக்கி போட்டு மாட்ட, குரோஷே ஊசியைத் தேய்த்துத் தாங்களே கருவி செய்துகொள்கிறவர்களும் உண்டு. கழுத்தில் கார்க் ஒட்டுவது, வளைந்த கம்பியை நிமிர்த்துவது, பித்தளையில் விழுந்த நசுங்கலை உள்ளிருந்து எஃகு உருண்டை வைத்து எடுப்பது என்று வேலை நீளும்.

இனிப்பான தே தாரிக் டீ குடித்துவிட்டு ஊதினால் என்ன ஆகும் தெரியுமா? ஜி ஷார்ப் மூடி ஒட்டிக்கொள்ளும். அது எப்போதும் மூடியே இருப்பது, அதைத் திறக்கும் ஸ்பிரிங்கும் மெலிது. இனிப்பு எச்சில் பட்டால் திறக்காது. வெளிநாட்டில் காகிதப் பணத்தாளை இடையில் வைத்து இழுத்துத் துடைப்பார்களாம். நம் ஒரு ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக், அது உதவாது!

"வாசிக்கத் தெரியாதவன்தான் ரிப்பேர் பண்ணுவான்" என்றார் பெரியப்பா. சாக்ஸபோனை உண்டாக்கிய அடால்ஃப் சாக்ஸே பட்டறைக்காரர்தான். பெல்ஜியத்தில் கருவி செய்கிறவரின் மகன், 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். அந்தக் கருவி ராணுவ பேண்டுக்குப் போய், அங்கிருந்து ஜாஸுக்கு வந்தது. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கிய நாதஸ்வர வித்வானின் மகன் கத்ரி கோபால்நாத், கமகம் வருவதற்காகத் தன் கருவியிலேயே மாற்றம் செய்துகொண்டார். 1953இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் மேல் யாரோ விழுந்து அதன் வாய் வானத்தைப் பார்த்து வளைந்துவிட்டது. அந்தச் சத்தம் பிடித்துப்போய் அதே கோணத்தில் புதிதாகச் செய்யச் சொன்னார். அதைச் செய்து கொடுக்கவும் ஒரு கை வேண்டியிருந்தது.

வேலை எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. பள்ளி பேண்டுகள், போலீஸ், ராணுவ பேண்டுகள், தேவாலயங்கள், கல்யாண இசைக்குழுக்கள், சீனர் இறுதி ஊர்வலத்தில் ஊதும் குழுக்கள். இவர்கள் எல்லாரிடமும் பேட் நைந்த கருவி ஒன்றாவது இருக்கும். உடனே பணம் கொட்டாது. முதல் இரண்டு மூன்று வருடம் கையில் கொஞ்சம்தான் நிற்கும். ஆனால் கடன் இருக்காது.

இசைப் பட்டம் படிக்கலாமே என்று அம்மா ஆசையாகக் கேட்டார். வாசிப்பதில் அவளுக்கு அவ்வளவு பசி இருந்தால் நானே அனுப்பியிருப்பேன். இருப்பது வேறு பசி. அமெரிக்காவில் மினசோட்டாவின் ரெட் விங் ஊரில் பேண்ட் கருவிப் பழுதுக்கென்றே ஒரு கல்லூரிப் படிப்பு இருக்கிறது. இப்போது அதன் பக்கம் தலைவைக்க வேண்டாம், டாலரில் கட்ட வேண்டும். எஸ்பிஎம் முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களில் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ கருவி பழுது பார்க்கும் ஒரு கடையில் எடுபிடியாகச் சேரட்டும். தரை கூட்டச் சொன்னாலும் கூட்டட்டும். மனம் ஒட்டினால், ரவாங்கில் இருக்கும் இன்ஸ்டிடியுட் கிராஃப் நெகாராவில் உலோகக் கைவினை இருக்கிறது, பற்றவைப்பும் தட்டி நிமிர்த்துவதும் கைக்கு வரும். அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகமான ஐஎல்பியில் கடைசல் இயந்திரம் கற்பதும் நல்லதுதான். பின்னாளில் சொந்தப் பெயரில் தொழில் பதிய எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் வருடத்துக்கு 30 ரிங்கிட். மூன்று மாதத்தில் மனம் ஒட்டவில்லை என்றால் வந்து சொல்லட்டும், போனது பஸ் காசு.

ஒன்றே ஒன்று. பள்ளிச் சாக்ஸ் அரசாங்கச் சொத்து, பதிவேட்டில் எண்ணோடு இருக்கும். பேண்ட் ஆசிரியரின் எழுத்து அனுமதி இல்லாமல் இனி ஒரு திருகையும் கழற்றக் கூடாது என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன், நம்பரைக் கொடுங்கள் அண்ணே. அடுத்த ஞாயிறு அனுமதிக் கடிதத்தோடு அந்தச் சாக்ஸைக் கொண்டு வாருங்கள். சர விளக்கை மறந்துவிட வேண்டாம்.