பக்கத்துத் தெருவரை மட்டும் ஓடும் காரில் பேட்டரி ஏன் நிற்பதில்லை?

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் வசிக்கிறேன். பணி ஓய்வு பெற்றவன். 2019 மாடல் சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். பேத்தியைப் பள்ளியில் விடுவது, மார்க்கெட், கோயில், எப்போதாவது ஆஸ்பத்திரி என்று எல்லாமே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான். இதுவரை இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. இப்போது இருப்பதும் நான்கு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் செல்ஃப் அடிக்கவே முனகுகிறது. தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வையுங்கள் என்கிறார் மெக்கானிக். அது போதுமா? இல்லை, வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று கணக்கு உண்டா? போன வருடம் மகன் டேஷ்கேம் ஒன்று மாட்டிக் கொடுத்தான். மற்றபடி கூடுதலாக எதுவும் பொருத்தவில்லை.

பதில்: பத்து நிமிட வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான், ஆனால் பெட்ரோல் செலவாகும் அளவுக்குப் பேட்டரியில் எதுவும் ஏறாது. காரணம் புரிய ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது உங்கள் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பெரிய எண்தான், ஆனால் இழுப்பது ஒன்றிரண்டு விநாடி. இரண்டு விநாடி என்றே வைத்தாலும் செலவு 0.08 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் கரண்டை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்). உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. "அடிக்கடி ஸ்டார்ட் பண்ணி பண்ணித்தான் பேட்டரி போச்சு" என்று எல்லோரும் சொல்வதில் பாதிக்குமேல் பழி செல்ஃப் மேல் அநியாயமாக விழுகிறது.

நிஜமான செலவு வண்டி பூட்டி நிற்கும்போது நடக்கிறது. ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் சர்க்யூட், அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இரவு பகலாக எடுத்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். வண்டி ஒரு நாள் சும்மா நிற்பது, ஒன்பது முறை ஸ்டார்ட் செய்வதற்குச் சமம். ஒரு மாதம் நின்றால் 21 ஆம்பியர்-அவர் போயிருக்கும், அதாவது பேட்டரியில் பாதிக்கு மேல். இதுபோக, எதையும் இணைக்காவிட்டாலும் பேட்டரி தனக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும்.

இனி வரவுப் பக்கம். ஆல்டர்னேட்டர், ஒர்க்‌ஷாப் பேச்சில் டைனமோ, எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடிதான் கரண்ட் தரும். வண்டி நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது அதன் முழுத் திறனில் பாதி கிடைத்தாலே அதிகம். அதிலும் முதல் பங்கு பேட்டரிக்கு இல்லை. இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டுக்கு 8, 9 ஆம்பியர், ஏசி ப்ளோயரை வேகமாக வைத்தால் 10-க்கு மேல், ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்போது அதற்கு ஒரு பங்கு, மழை என்றால் வைப்பருக்கு ஒரு பங்கு. மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. மாலை ஏழு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஏசியும் விளக்கும் போட்டு ஊர்ந்துவிட்டு வந்தால், சில ஆம்பியர் மிஞ்சினாலே பெரிது.

அப்படியென்றால் பகலில், விளக்கில்லாமல், கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாகிவிடுமா? ஓரளவுதான். ஈய-அமில பேட்டரி நெல் மூட்டை மாதிரி. முக்கால் மூட்டை மளமளவென்று நிறையும், கடைசிப் படிகளைக் குலுக்கிக் குலுக்கித்தான் இறக்க வேண்டும். முக்கால்வாசி சார்ஜ் ஏறிய பிறகு, நீங்கள் எவ்வளவு கரண்ட் தரத் தயாராக இருந்தாலும் பேட்டரி சிறிது சிறிதாகத்தான் வாங்கிக்கொள்ளும். மிச்சக் கால் பங்கு நிறையப் பல மணி நேரம் ஆகும். பத்து நிமிட ஓட்டத்தில் அது ஒருநாளும் நடக்காது. எனவே உங்கள் கார் பேட்டரி, கடையிலிருந்து வந்த முதல் வாரத்தைத் தவிர, முழுசாக நிறைந்திருக்கவே வாய்ப்பில்லை.

நிறையாவிட்டால் என்ன, வண்டி ஸ்டார்ட் ஆனால் போதாதா என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான். கரண்ட் எடுக்கும்போது பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படியும். அது இயல்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அரையும் முக்காலுமாகவே கிடந்தால் அந்தப் படிவு பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. அந்த இடம் தகட்டில் செத்த இடம். மேலே 35 என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது 20-தான். 1859-இல் காஸ்தோன் பிளான்ட்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செய்துகாட்டிய பேட்டரியின் பிறவிக்குணம் இது. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போய்விடாது.

கூடவே நம் ஊர் வெயில். வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலத்தில் பேட்டரி போகும் என்பார்கள். சென்னையில் மே மாத பானெட் சூடுதான் பேட்டரியை அரிக்கிறது. சூட்டில் உள்ளே இருக்கும் ஈயச் சட்டங்கள் வேகமாக அரித்துப்போகும், தண்ணீர் ஆவியாகும். கெடுவது கோடையில், கையை விரிப்பது விளக்கும் வைப்பரும் ஒன்றாக ஓடும் மழைக்காலத்தில். உங்கள் முதல் இரண்டு பேட்டரிகளும் ஆயுள் முடியாமலே போனதற்கு இந்த இரண்டு காரணமும் போதும்.

நான்கு நாளில் முனகுவதற்கு மட்டும் இது போதாது. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன டேஷ்கேம் மேல்தான் எனக்குச் சந்தேகம். பார்க்கிங் மோடு, அதாவது வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதி, உள்ள டேஷ்கேமை எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரில் மாட்டியிருந்தால், வண்டி பூட்டியிருக்கும்போதும் அது ஏறக்குறைய 250 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். நான்கு நாளில் 24. காரின் வழக்கமான செலவையும் சேர்த்தால் 27. ஏற்கெனவே அரைகுறையாக நிறைந்திருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்?

சோதிப்பது சுலபம். இரவு வண்டியைப் பூட்டி, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாக கேமராவைப் பாருங்கள். சின்ன விளக்கு ஒன்று எரிந்தாலோ சிமிட்டினாலோ அது தூங்கவில்லை. மெனுவில் பார்க்கிங் மோடை அணைத்துவிடுங்கள். சாவியை அணைத்தால் தானும் அணையும் ஃப்யூஸுக்கு ஒயரை மாற்றச் சொன்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை. தெருவில்தான் நிறுத்துகிறேன், பதிவு வேண்டும் என்றால், வோல்டேஜ் இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் கிட் போடுங்கள். துண்டிக்கும் அளவு 12.2 அல்லது 12.4 வோல்ட்டாக இருக்கட்டும். பல கிட்களில் 11.8-க்குக்கூட வைக்க முடியும். அந்த இடத்துக்கு வருவதற்குள் பேட்டரி கிட்டத்தட்டக் காலி.

கேமரா குற்றவாளி இல்லை என்று தெரிந்தால், மில்லி ஆம்பியர் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயரைக் கழற்றாமலே கரண்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனாக இருந்தால் நல்லது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது கழித்துத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் கதவைத் திறந்து மூடியதும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொள்ளும், அடங்க நேரமாகும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து எந்த லைனில் போகிறது என்று கண்டுபிடிக்கலாம். டிக்கி விளக்கு அணையாமல் உள்ளேயே எரிவது அடிக்கடி நடக்கும். 5 வாட் பல்புதான், ஆனால் ஒரு நாளில் 10 ஆம்பியர்-அவர் தின்றுவிடும்.

நீங்களே ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை, 12.0 என்றால் கால் பங்குதான். ஓட்டிவிட்டு வந்த உடனே அளக்காதீர்கள், மேலோட்டமாக ஏறிய சார்ஜ் 12.8, 12.9 என்று காட்டி ஏமாற்றும். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வைத்த புதிய கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும். மூடியில் பச்சைக் கண் தெரியும் பேட்டரியாக இருந்தால் அதை முழுசாக நம்ப வேண்டாம். பேட்டரியில் ஆறு செல் உண்டு, அந்தக் கண் பார்ப்பது ஒன்றை மட்டும்.

சரி, தீர்வு? சுவரில் மாட்டும் ஸ்மார்ட் சார்ஜர். உங்கள் மாதிரி ஓட்டுகிறவர்களுக்கு நான் வேறு எதையும் முதலில் சொல்ல மாட்டேன். 4 அல்லது 5 ஆம்பியர் தருவதாக, நிறைந்ததும் தானே இறங்கிக்கொள்வதாக இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரவு மாட்டிவிட்டுக் காலையில் எடுங்கள். கார் ஒருநாளும் தர முடியாத அந்தக் கடைசிக் கால் பங்கை இது நிதானமாக ஏற்றிவிடும். பேட்டரி கடையில் மூலையில் கிடக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை வாங்கி வராதீர்கள், அதற்கு நிறுத்தத் தெரியாது, பேட்டரியைக் கொதிக்கவிட்டுவிடும்.

மாட்டும்போது முதலில் சிவப்பு கிளிப்பை பிளஸ்ஸிலும், பிறகு கறுப்பை எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியிலும் போட்டு, அதன்பிறகு சுவிட்ச் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும். மைனஸ் டெர்மினலில் சின்ன சென்சார் பெட்டி இருக்கும் புதிய கார்களில் கறுப்பு கிளிப்பை நேராக டெர்மினலில் போடவே கூடாது. போட்டால் ஏறிய சார்ஜ் காரின் கணக்கில் வராது.

அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இல்லாதவர்களுக்குத்தான் தலைவலி. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோக வேண்டும். 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வரிசை மாறி, பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். எடை 10 கிலோ அளவுக்கு இருக்கும், சாய்க்காமல் தூக்க வேண்டும். இந்த வயதில் நீங்கள் தூக்க வேண்டாம், மகனைக் கூப்பிடுங்கள். வீட்டில் பால்கனியில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் அடுப்பு எரியும் சமையலறையும் விளக்கு எரியும் பூஜையறையும் கூடவே கூடாது. திரும்ப மாட்டிய பிறகு கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், சில கார்களில் பவர் விண்டோவின் ஆட்டோ வசதியை மறுபடி பழக்க வேண்டும். பெரும்பாலும் வேறு பாதிப்பு இல்லை.

கிலோமீட்டர் கணக்கு கேட்டிருந்தீர்கள். கிலோமீட்டரைவிட நேரமும் எஞ்சின் வேகமும்தான் முக்கியம். வாரத்துக்கு ஒரு தடவை, பகலில், தொடர்ந்து முக்கால் மணி நேரமாவது 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடட்டும். ஞாயிறு காலையில் நெரிசல் தொடங்குமுன் சிங்கப்பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினால் தாராளம். பேட்டரிக்கு மட்டுமல்ல, குட்டைப் பயணங்களில் சூடேறாமலே அணையும் எஞ்சினின் ஆயிலில் சேர்ந்த ஈரமும் அதில் வற்றும். ஆனால் இதை வைத்து சார்ஜரைத் தவிர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இதனால் பேட்டரி இன்னும் கீழே போகாது, அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் வைக்கும் சின்ன சோலார் பேனல் வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வெட்டவெளியில் நிற்கும் காருக்குப் பரவாயில்லை. ஆனால் அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுவார்கள், பல கார்களில் சாவியை அணைத்ததும் அந்த சாக்கெட் துண்டித்துக்கொள்ளும். பேனல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், பேட்டரிக்கு ஒரு மில்லி ஆம்பியரும் போகாது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் அதற்கு ஈடாகாது, ஆசிட் ஊற்றவே கூடாது. தகடு வெளியே தெரியாத வரை, சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

இப்போதைய பேட்டரியை உடனே மாற்ற வேண்டாம். கேமராவைச் சரிசெய்து, ஒரு இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, அடுத்த நாள் வண்டியை எடுக்காமல் விட்டு, மறுநாள் காலை அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் இன்னும் உயிர் இருக்கிறது. 12.2-க்குக் கீழே இறங்கிவிட்டாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ தகடு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். அப்போது கடைக்காரரிடம் தயாரித்த மாதத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதம் ஷெல்ஃபில் கிடந்தது புதுசு இல்லை. பழையதைக் காயலான் கடையில் போடாமல் அதே கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.