வாசகர் கேள்வி – பதில்: விழா மண்டபத்தில் யாருக்கு இடம்?

கேள்வி: யாழ். நகரில் மூன்று நாள் குறும்பட விழா நடத்தப்போகிறோம். பெண் இயக்குநர்களின் படங்களை ஞாயிறு காலை 10 மணிக்குத் தனி அமர்வாகப் போடலாமா?
*வாசகர், கோண்டாவில்*

பதில்: போடலாம், சனம் வராது. ஞாயிறு காலை கோயில், தேவாலயம், சந்தை, சமையல் என்று போய்விடும். தனி அமர்வு என்றால், பார்க்க விரும்பாதவர் அந்த நேரம் வராமல் விடவும் நீங்களே வழி செய்கிறீர்கள். அந்தப் படங்களைத் தொடக்க நாளிலும் மாலைக் காட்சிகளிலும் மற்றவற்றோடு கலந்து போடுங்கள்.

மாலைக் காட்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. 6 மணிக்குத் தொடங்கி, 8 மணிக்குமேல் கலந்துரையாடல் என்றால் பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பக்கம் போகிறவர்கள் இடையில் எழும்பிவிடுவார்கள். கடைசி பஸ் நேரங்களை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரலை அமையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் விட்டுவிடுங்கள். சனம் நகரத்தில்தான் நிற்கும், உங்கள் மண்டபத்தில் அல்ல.

தேர்வுக் குழுவையும் பாருங்கள். ஐந்து பேரில் ஒரே ஒரு பெண் இருந்தால், ஒவ்வொரு தடவையும் அவவே தனியாக வழக்காட வேண்டிவரும். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். எந்தப் படத்தையும் இருவர் கடைசிவரை பார்க்காமல் தள்ளக்கூடாது.

கேள்வி: சிங்களப் படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டோம். எழுத்து உடைந்தது, போகப்போக வசனத்துக்குப் பிந்தியும் வந்தது. ஏன்?
*வாசகர், சாவகச்சேரி*

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வரிகள் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள். அதன்பிறகும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நின்றால் பிளேயருக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. அதோடு மல்லுக்கட்டாமல், எழுத்தைப் படத்தோடு பதித்த பிரதியைத் தயாரியுங்கள்.

பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபிரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படச்சட்டம் ஓடுகிறது என்பது. விநாடிக்கு 24 ஃபிரேம் பிரதியில் நேரம் குறித்துவிட்டு, 25க்கு வேகமாக்கிய பிரதியை ஓட்டினால் 60 நிமிடப் படம் 57 நிமிடம் 36 விநாடியில் முடியும். கடைசி வசனம் 2 நிமிடம் 24 விநாடி பிந்தும். எல்லா வரியையும் ஒரே அளவு முன்னுக்குத் தள்ளினால் தொடக்கம் கெடும். சப்டைட்டில் மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 24இலிருந்து 25க்கு மாற்றுங்கள். சோதனையில் எல்லோரும் முதல் ஐந்து நிமிடத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள்.

தமிழ்ப் படத்துக்கும் தமிழ் சப்டைட்டில் வேண்டும், செவிப்புலனற்றோருக்காக. அதில் வசனம் மட்டும் போதாது. யார் பேசுகிறார், கதவு தட்டுகிறதா, பறை கேட்கிறதா என்பதும் வரவேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள்.

கேள்வி: மண்டப வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலிக்குப் பலகை வைத்தால் போதாதா?
*வாசகர், மானிப்பாய்*

பதில்: படி ஒன்று 6 அங்குலம் என்றால் மொத்த உயரம் 18 அங்குலம். ஓர் அங்குல உயர்வுக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி வேண்டும். 6 அடிப் பலகையில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். இறங்கும்போது ஆள் முன்னுக்கு விழுவார். பக்கவாசல் ஒன்று தரைமட்டத்தில் இருந்தால் அதைத் திறந்து, எல்லோரையும் அதாலேயே விடுங்கள்.

உள்ளே, வரிசை ஓரத்தில் கதிரைகளை எடுத்து 3 அடிக்கு 4 அடி இடம் விடுங்கள்; பக்கத்தில் கூட வருபவருக்கு ஒரு கதிரை. முன்வரிசை வேண்டாம், கழுத்து நோகும். மேடைக்கு ஏறும் வழி இல்லையென்றால் எல்லாப் பரிசுகளையும் கீழே நின்றே கொடுங்கள். மலசலகூடக் கதவையும் அளந்து பாருங்கள்: 32 அங்குலமாவது திறக்க வேண்டும்.

கேள்வி: சைகைமொழிக்கு ஒருவரை ஒழுங்கு செய்தால் போதுமா?
*வாசகர், கைதடி*

பதில்: ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இருவர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். பேச்சுகளையும் பெயர்ப் பட்டியலையும் முன்கூட்டியே கொடுங்கள். மண்டப விளக்கை அணைக்கும்போது சைகைமொழி பெயர்ப்பவர்மேல் விழும் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அந்தச் சுவிட்சில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.