புதிர் கேம்தானே, கொடுக்கலாமுங்களா?

கேள்வி: மகள் வயிற்றுப் பேரன், மூணாங்கிளாஸ் படிக்கிறான். லீவுக்கு இங்கே வந்தவன், அவனுடைய பெரியப்பா மகன் போனில் ஆடுகிற ‘லிம்போ’ என்ற விளையாட்டு தனக்கும் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். “வெட்டுக்குத்து கேம் இல்லை அமுச்சி, புதிர்தான், மூளைக்கு நல்லது” என்கிறான். கருப்பு வெள்ளையில் ஒரு சின்னப் பையன் காட்டுக்குள் நடந்து போகிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இறக்கிக் கொடுக்கலாமுங்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க.

பேரன் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறான். டென்மார்க்கில் இருக்கும் பிளேடெட் என்ற நிறுவனம் 2010இல் வெளியிட்ட விளையாட்டு அது. புதிர்கள் நிஜமாகவே நல்ல புதிர்கள்: பெட்டியை இழுத்துப் போட்டு மேலே ஏற வேண்டும், கயிற்றில் தொங்கித் தாண்ட வேண்டும், எதை எப்போது நகர்த்துவது என்று யோசிக்க வேண்டும். ஆனால் யோசனை தப்பினால் அந்தப் பையன் செத்துப் போவான். இரும்புப் பொறியில் மாட்டி உடம்பு துண்டாகும், தண்ணீரில் மூழ்குவான், பெரிய சிலந்தி ஒன்று காலால் குத்தும். அப்புறம் பக்கத்திலிருந்தே மறுபடி எழுந்து நடப்பான், மறுபடி சாவான். எங்கே பொறி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாததால், செத்துச் செத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும், ஆட்டத்தின் அமைப்பே அப்படி. அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயது குறிக்கும் ஈஎஸ்ஆர்பி இதை ‘டீன்’, அதாவது 13 வயதுக்கு மேல், என்று போட்டிருக்கிறது.

ஆடுபுலி ஆட்டத்தில் மட்டும் ஆடு வெட்டுப்படவில்லையா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அங்கே வெட்டுப்படுவது ஒரு புளியங்கொட்டை, எதிரே உட்கார்ந்து சிரிப்பவர் அப்பிச்சி. இங்கே இருட்டு, யாருமில்லாத காடு, காதுக்குள் ஹெட்செட் சத்தம், எட்டு வயதுப் பையன் தன் வயதுப் பையன் ஒருவன் துண்டாவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரியவர்களுக்கு அது அருமையான விளையாட்டு, எனக்கும் பிடிக்கும். பேரன் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், புதிர் விளையாட்டு எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தோற்றால் என்ன நடக்கிறது? ஜெயிக்கும்போது எல்லா விளையாட்டும் நல்ல விளையாட்டாகத்தான் தெரியும். அதனால் நீங்களே உட்கார்ந்து வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். முதல் நாலைந்து லெவலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும்.

பிளே ஸ்டோரில் 3+, 7+, 12+ என்று போட்டிருப்பதையும் பாருங்கள். விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு கேள்வித்தாளுக்குச் சொல்லும் பதிலை வைத்து வருகிற எண் அது. வன்முறை, பயம், கெட்ட வார்த்தை, சூதாட்டம் இதெல்லாம் எவ்வளவு என்று சொல்லும். பிள்ளைக்குப் புதிர் புரியுமா, இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டுமா என்பதெல்லாம் அதில் வராது.

பேரனுக்கு மாற்றாக ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் ‘மான்யுமென்ட் வேலி’ பாருங்கள், 2014இல் வந்தது. படிக்கட்டையும் கோபுரத்தையும் திருப்பித் திருப்பி வழி உண்டாக்க வேண்டும், கண்ணை ஏமாற்றுகிற கட்டடங்கள். அதில் சாவே கிடையாது, தப்பாகத் திருப்பினால் திரும்ப யோசிக்க வேண்டியதுதான். பத்து அத்தியாயத்தில் கதை முடிந்துவிடும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

கேள்வி: மகளுக்கு நாலு வயது. பஸ்ஸில் அழாமல் வரட்டும் என்று கேண்டி க்ரஷ் கொடுக்கிறேன். மிட்டாய் அடுக்குவதில் என்ன கெடுதல்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சண்டை இல்லை, ரத்தம் இல்லை, சரி. இங்கேயும் தோற்றுப் பாருங்கள். மொத்தம் அஞ்சு உயிர், ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று போகும், போனது திரும்ப வர 30 நிமிஷம். காத்திருக்க முடியாதவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் வழி அங்கேயே பளபளவென்று நிற்கும். பெரியவர்களே தடுமாறுகிற இடத்தில் நாலு வயது என்ன செய்யும்? உங்கள் கையில் போன் வந்து சேரும், அழுகையோடு. பஸ்ஸில் எதற்காகக் கொடுத்தீர்களோ அதுவே நடக்காது.

இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. டிவியும் அதில் சேர்த்திதான். அந்த நேரத்துக்குள் கொடுப்பதென்றால், துண்டுகளைச் சேர்த்துப் படம் முடிக்கிற மாதிரி, உயிர்க் கணக்கு இல்லாததாகப் பார்த்துக் கொடுங்கள். பிளே ஸ்டோரில் பேருக்குக் கீழேயே விளம்பரம் உண்டா, உள்ளே வாங்கும் வசதி உண்டா என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்புறம் செட்டிங்கில் போய், எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வையுங்கள். அந்த பாஸ்வேர்டு மகளுடைய பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.