கொப்புளத்தை ஏன் மாற்றினீர்கள், தங்கச்சி?

கேள்வி: நிலாவெளி பஸ்ஸில் போய்வரும்போது கவிதை வரிகள் தானாக வந்து விழும். இப்போது யாப்பு (செய்யுள் இலக்கணம்) வகுப்புக்குப் போகிறேன். ‘கச்சான் அடிக்கும் கடற்கரையில் அப்பாவின் / கையெல்லாம் கொப்புளம் கயிறறுத்து’ என்று பஸ்ஸில் வந்ததை (கச்சான் இங்கே காற்று) வெண்பாவாக்கப் பார்த்தேன். இரண்டாம் அடியில் தளை (சீரும் சீரும் இணையும் முறை) தட்டுகிறது, ஒரு சீரும் குறைகிறது என்றார் ஆசிரியர். ‘கையெல்லாம் காயம் கயிறறுத்து நோகுதே’ என்று திருத்தினேன். பிழை போனது, கவிதையும் போய்விட்டது. இப்போது எழுத உட்கார்ந்தாலே விரல் அசை எண்ணுகிறது. வகுப்பை விட்டுவிடவா?
– வாசகி, நிலாவெளி

பதில்: அன்புள்ள தங்கச்சி, வகுப்புக்குத் தொடர்ந்து போங்கள். அந்தத் திருத்தத்தை மட்டும் அழித்துவிடுங்கள்.

உங்கள் முதலடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெய்யை விட்டு எண்ணினால் ‘கச்’ போல ஓரெழுத்து அசை நேர், ‘அடிக்’ போல ஈரெழுத்து அசை நிரை. ‘கச்சான்’, ‘அடிக்கும்’ இரண்டும் மாச்சீர் (நேரில் முடியும் ஈரசை). இரண்டுக்கும் பின்னால் நிரை. ‘கடற்கரையில்’ காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசை), அதன்பின் நேர். வெண்பாவுக்குரிய சுத்தமான வெண்டளை. முதல் சீரும் மூன்றாம் சீரும் ‘க’வில் தொடங்கும் பொழிப்பு மோனை வேறு. எண்ணாமலே வந்தது இது! சின்ன வயதிலிருந்து கேட்ட தேவாரமும் தாலாட்டும் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டும் உங்கள் காதில் தங்கியிருக்கின்றன. யாப்பு உங்களுக்கு அந்நியமில்லை.

இரண்டாம் அடியில் ஆசிரியர் சொன்னது சரிதான். ‘கொப்புளம்’ விளச்சீர் (நிரையில் முடியும் ஈரசை), வெண்பாவில் அதன்பின் நேர் வரவேண்டும், ‘கயிறறுத்து’ நிரையில் தொடங்குகிறது. (அகவலில், அதாவது ஆசிரியப்பாவில், இது பிழையே இல்லை.) ஆனால் நீங்கள் கண்ணால் கண்ட சொல்லை எடுத்துவிட்டு, யாருடைய கைக்கும் பொருந்தும் ‘காயம்’ என்பதைப் போட்டீர்கள். குறைந்த சீருக்கு ‘நோகுதே’ என்று அடைத்தீர்கள். கொப்புளம் என்றதுமே நோவு தெரிந்துவிடுகிறதே!

இப்படிப் பாருங்கள்: ‘கையெல்லாம் கொப்புளம் ஈரக் கயிறறுத்து’. விளத்தின் பின் நேர், மாவின் பின் நிரை, நாலு சீர். கடலிலிருந்து வரும் கயிறு நனைந்துதானே வரும்? பஸ்ஸில் வராத அந்த ஈரம், தளையைச் சரிபண்ணத் தேடும்போது கிடைத்தது. இதற்காகத்தான் உங்களை வகுப்பில் இருக்கச் சொல்கிறேன்.

நம் மரபில் ஆசுகவி என்று ஒரு வகையே உண்டு. கேட்ட மாத்திரத்தில் பாடுவது. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நான்கு கவி வகைகளில் அதற்குத்தான் முதலிடம். ஈற்றடியைக் கொடுத்தால் நின்ற இடத்தில் வெண்பா சொன்னார்கள். தளை நாக்கில் ஊறியிருந்ததால் முடிந்தது. அந்த ஊறல் வருஷக்கணக்கில் வருவது. அதுவரை இரண்டு வேலையையும் ஒரே இருப்பில் செய்யாதீர்கள். பஸ்ஸில் வருவதை வந்தபடியே கொப்பியில் எழுதி மூடிவையுங்கள். அசை எண்ணுவது மூன்று நாலு நாள் கழித்து. அப்போதும் எந்தச் சொல்லை விடமுடியாது என்று முதலில் கோடிட்டுவிட்டு, மற்றவற்றை நகர்த்துங்கள். எதுவும் நகரவில்லையென்றால் அந்த வரிக்கு வெண்பா வேண்டாம். அகவலோ புதுக்கவிதையோ ஆகட்டும்.

நாலடி வெண்பாவுக்கு இன்னும் இரண்டடி மிச்சம். ஈற்றடிக்கு மூன்று சீர். முடிவது நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாடுகளில் ஒன்றில்; இந்தச் சொற்களே வரவேண்டாம், இவற்றின் ஓசை போதும். எழுதமுன் அப்பாவிடம் கேளுங்கள், கயிறு எந்த விரலில் முதலில் அறுக்கும் என்று.