எங்கிட்ட யாரும் கேதம் கேட்கலை

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் கானாடுகாத்தான் பக்கத்து ஊர்க்காரி. வயது 48. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே வீட்டுக்காரர் இறந்துவிட்டார். போக்கிடம் இல்லாமல் நின்ற என்னை ஒரு பெரிய வீட்டு ஆச்சி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து போன வைகாசி வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். ஆச்சியின் மகன்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். வீட்டின் முன்பகுதியான முகப்பும் பட்டாலையும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். இரண்டாம் கட்டில் ஆச்சி, நான், என் மகள் மூன்று பேரும் இருந்தோம்.

எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. ஆச்சிக்குக் கண் மங்கியபோது, தேவாரம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைத்து அனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கடிதத்தையும் நானேதான் எழுதுகிறேன்.

கடைசியில் ஆச்சி படுக்கையில் விழுந்துவிட்டார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வந்துவிடாமல் ராத்திரியில் எழுந்து எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். உயிர் போனபோது தலை என் மடியில் இருந்தது.

மகன்கள் வந்தார்கள். காரியமெல்லாம் முறைப்படி நடந்தது. கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் மகன்களிடமும் மருமகள்களிடமும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். என்னிடம், 'இனி எங்க வேலைக்குப் போவ?' என்று மட்டும் கேட்டார்கள். மகன்களைக் குறை சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தார்கள். பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது காரைக்குடியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் தானாக விழிப்பு வருகிறது. ஆச்சி கூப்பிடுவது காதில் விழுகிறது. சோறு இறங்கவில்லை. அந்த வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. தூணும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுமோ என்று அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. பிள்ளையார் நோன்புக்கு வருஷா வருஷம் மாவு பிசைவது முதல் ஆச்சி கூடவே நின்று செய்வேன். இந்த வருஷம் அன்று முழுக்க எழுந்திருக்கவே முடியவில்லை. தங்கச்சி, 'சம்பளத்துக்கு இருந்த வீடுதானே, பெத்த தாய்க்குக்கூட இப்படி அழல நீ' என்கிறாள். அது உண்மைதான். ஆச்சியோடு நானும் அன்றைக்கே போயிருக்கலாமோ என்று சில ராத்திரி தோன்றுகிறது.

என் மகள் நர்சிங் படித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். துக்கத்துக்கு ஐந்து படி இருக்கிறது, நீ இன்னும் இரண்டாவதிலேயே நிற்கிறாய், கவுன்சிலிங் போ என்கிறாள். தங்கச்சி வீட்டுக்காரர் தூக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. போய்ப் பேசினால் ஆச்சி வந்துவிடப் போகிறார்களா? அப்புறம், வைகாசியில் வருஷ திதி வருகிறது. என்னைக் கூப்பிடாவிட்டால் நானாகப் போகலாமா?

- ஒரு வாசகி, காரைக்குடி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆச்சி இறந்ததற்கு என் வருத்தத்தை முதலில் சொல்லிக்கொள்கிறேன். தலையை மடியில் தாங்கி வழியனுப்பிய உங்களிடம் இதை அன்றைக்கே நாலு பேராவது சொல்லியிருக்க வேண்டும்.

மற்றதற்குப் போகும் முன் ஒரு விஷயம் நேராகக் கேட்கிறேன். 'நானும் அன்றைக்கே போயிருக்கலாமோ' என்று எழுதியிருக்கிறீர்கள். நெருங்கியவரை இழந்த பலருக்கு இந்த எண்ணம் வந்து போகும். அவர்கள் இல்லாத வாழ்வு எதற்கு என்ற ஏக்கம் அது. ஆனால் அந்த எண்ணம், எப்படிச் சாவது, எப்போது என்ற யோசனையாகத் திரும்பினால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம். மகளுக்குப் போன் செய்து எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். வெறும் தூக்கம் வராத ராத்திரிக்கும் அந்த எண்ணைக் கூப்பிடலாம்.

இப்போது உங்கள் தங்கச்சி சொன்னதற்கு வருகிறேன். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர், சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1980களின் இறுதியில் எழுதினார். கருக்கலைந்த தாய், ஊருக்குத் தெரியாத உறவில் இருந்தவர், நோயாளியை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட பணியாளர், இப்படிப் பலர் அதில் அடக்கம். இவர்களுக்குக் காரியத்தில் இடம் இருக்காது, விடுமுறை இருக்காது, ஆறுதல் சொல்ல ஆள் வராது. அழுதாலும் 'நீ எதுக்கு?' என்ற கேள்விதான் வரும். அதனால் துக்கம் குறைவதில்லை. பதுங்கி அழ வேண்டியிருப்பதால் நாள்தான் நீள்கிறது.

செட்டிநாட்டில் சாவு வீட்டு முறைகள் எவ்வளவு அழுத்தமானவை என்று உங்களுக்கே தெரியும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரிடம் கேட்க வேண்டும், முன்னோரைக் கும்பிடும் படைப்பில் யாருக்கு இடம் என்று எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. அந்த வரிசைதான் மகன்களையும் மருமகள்களையும் அந்த நாட்களில் தாங்கிப் பிடித்தது. நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ரத்த உறவையும் கொண்டு கொடுத்த உறவையும் வைத்து எழுந்த வரிசை அது. ராத்திரியெல்லாம் விழித்து ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்தவருக்கு அதில் இடம் இல்லாமல் போனது. அது உங்கள் துக்கத்தின் குறை இல்லை.

பெற்ற தாய்க்கு இப்படி அழவில்லை என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். உறவு முறையை வைத்துக் கண்ணீரை அளக்க முடியாது. யாரோடு விடிந்தோம், யாருக்காக எழுந்தோம் என்பதுதான் இங்கே கணக்கு. இன்னொன்றையும் பாருங்கள். ஆச்சி போன கையோடு உங்கள் வேலை போயிற்று, சம்பளம் போயிற்று, மகளை வளர்த்த வீடு போயிற்று, 'இது என் பொறுப்பு' என்று நிமிர்ந்து நின்ற இடமும் போயிற்று. மகன்கள் இழந்தது தாயை. உங்களுக்கு ஒரே நாளில் இத்தனையும் போயிருக்கிறது.

ராத்திரி இரண்டுக்கும் நான்குக்கும் விழிப்பு வருவது, உடம்பு இன்னும் பழைய முறையையே வைத்திருப்பதால். குரல் கேட்பதை நினைத்தும் பயப்படாதீர்கள். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த சுமார் 300 பேரிடம் பேசி 1971-இல் எழுதினார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருக்கிறது. பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள், சிலர் குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. அது பைத்தியத்தின் அறிகுறி அல்ல.

மகள் சொன்ன ஐந்து படிக்கு ஒரு வார்த்தை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்தப் படிகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. பின்னால் எல்லாத் துக்கத்துக்கும் அதைப் பொருத்திவிட்டார்கள். நீங்கள் எந்தப் படியிலும் நின்றுவிடவில்லை. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் சொன்னது எனக்கு அனுபவத்தில் அதிகம் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருப்பார். ஒரு பொழுது இறந்தவரை நினைத்து உருகுவது, ஒரு பொழுது ரேஷன் கடை, புது வேலை, நாளைய சமையல் என்று வாழ்க்கையைக் கவனிப்பது. அழுதுகொண்டே இருப்பதும் ஆகாது, அழாமல் வேலையிலேயே மூழ்குவதும் ஆகாது. இந்தப் போக்குவரத்து நடக்கிற வரை மனம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு அது ஒரு பக்கமாகவே நின்றுபோயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் மகள் சொல்வதை நானும் சொல்கிறேன், போங்கள். துக்கப்படுகிற எல்லாருக்கும் சிகிச்சை தேவையில்லை. பெரும்பாலானவர்கள் உறவுகளின் துணையோடு மெல்ல மீண்டுவிடுகிறார்கள். உங்களுக்கோ சாய்ந்துகொள்ள அந்தத் துணை கிடைக்கவில்லை. ஏழெட்டு மாதமாகச் சாப்பாடும் தூக்கமும் குறைந்திருக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கம்' என்று ஒன்று இப்போது இருக்கிறது. தீவிரம் குறையாமல் ஆறு மாதத்துக்கு மேல் அன்றாட வாழ்வை முடக்கினால் அதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக் கூடாது. நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பேசினால் ஆச்சி வந்துவிடப் போகிறார்களா என்று கேட்டீர்கள். வர மாட்டார்கள். அவர்களை மறக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். முக்கால் மணி நேரம், அனேகமாக வாரம் ஒரு முறை, ஒருவர் உங்களிடம் கேதம் கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி எப்படிப்பட்டவர், எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், கடைசி ராத்திரி என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கேட்பார். கடைசி ராத்திரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் உண்டு. முதல் தடவை உடம்பே நடுங்கும். சொல்லச் சொல்ல, திடீரென்று வந்து தாக்குகிற ஒன்றாக இல்லாமல், நீங்களாக எடுத்துப் பார்த்து வைக்கக்கூடிய நினைவாக அது மாறும். சில ஆலோசகர்கள், எதிரே ஆச்சி இருப்பதாக நினைத்து, அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லச் சொல்வார்கள். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்றும் உங்களையே சொல்லச் சொல்வார்கள்.

நீங்கள் போகாமல் தவிர்க்கிற இடங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. நீங்கள் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போவதில்லை. முதலில் தெருமுனை வரை மகளோடு, பிறகு பாதித் தெரு, பிறகு தனியாக என்று திட்டமிட்டுப் போகச் சொல்வார்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவைச் சுற்றிப் போக முடியாதே. கூடவே வேலை, வருமானம், தனி வீடு பற்றிய பேச்சும் நடக்கும். படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் நீங்கள். அது லேசான திறமை இல்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் இதுபோன்ற பயிற்சிகளைச் சேர்த்து, நீடித்த துக்கத்துக்காக சுமார் 16 அமர்வுகள் கொண்ட முறையை அமைத்திருக்கிறார். அவருடைய குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கான மாத்திரை துக்கத்தைத் தனியாகக் குறைக்கவில்லை, பேச்சு சிகிச்சைதான் குறைத்தது. அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தபோது மாத்திரை மனச்சோர்வைக் குறைக்க உதவியது. எனவே மருத்துவர் பார்த்து மாத்திரை எழுதினால் மறுக்காதீர்கள். மருந்துக் கடையில் யாரோ வாங்கித் தரும் தூக்க மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். தனியாக விழித்திருக்கும் ராத்திரியில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதே எனக்குச் சம்மதமில்லை.

பணம் ஒரு தடையாக இருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே, எந்த நாளில் என்று 104-இல் கேட்டால் சொல்வார்கள். போகும்போது, துக்கத்துக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் மருத்துவருக்கு நேரம் குறைவாக இருக்கும், சொன்னால்தான் ஆலோசகரிடம் அனுப்புவார். ஆச்சி வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்ற தயக்கமும் வேண்டாம். நீங்கள் சொல்வதைக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவர்கள் கடமை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போல, சட்டம் சொல்லும் சில நிலைகளில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. முதல் ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம். அதில் தவறே இல்லை.

கடைசியாக வருஷ திதி. கூப்பிடும் வரை காத்திருந்து ஒவ்வொரு நாளும் நோகாதீர்கள். உங்களைக் கும்பிட்ட பெரியவருக்கு, பங்குனிக்குள் நீங்களே போன் செய்யுங்கள். 'ஆச்சி திதிக்கு நான் வந்து கும்பிட்டுப் போகணும்னு இருக்கு, எப்ப வரட்டும்?' என்று கேளுங்கள். அவர்கள் உங்களை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முறையில் இல்லாததால் நினைவுக்கு வராமல் போயிருக்கலாம். அவர் வாருங்கள் என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தயங்கினால், அன்று காலை தங்கச்சி வீட்டிலேயே விளக்கேற்றி, ஆச்சிக்கு நீங்கள் வாசித்த தேவாரத்தில் ஒரு பதிகம் வாசியுங்கள். தங்கச்சியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஆச்சி யார் என்று அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.